சொந்த மணலுக்கு நுழைவுச்சீட்டு

எங்கள் பாலைவனத்தில் சூரியன் காலை ஐந்து நாற்பத்தெட்டுக்கு உதிக்க வேண்டும். பாலை அனுபவ மன்றத்தின் விதிப்புத்தகத்தில், நான்காம் பக்கத்தில், அப்படித்தான் போட்டிருக்கிறது. பிப்ரவரியில் அது ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால்தான் தலையைக் காட்டும் என்று ஓட்டுநர் கூட்டத்தில் ஒருவன் எழுந்து சொன்னான். ஒத்துழையாமை என்று அவனுக்கு இரண்டு புள்ளி குறைத்தார்கள். சூரியனுக்கு ஒன்றும் குறைக்கவில்லை. ஆகவே மாதம் எதுவானாலும் ஐந்து நாற்பத்தெட்டுக்கு எல்லா வண்டிகளும் கிழக்கே பார்த்து நிற்கும். வழிகாட்டி கையை உயர்த்துவார். உலகத்தின் பல மூலைகளிலிருந்து வந்த மக்கள் கும்மிருட்டைப் பார்த்துக் கைதட்டுவார்கள். சிலர் படம்கூட எடுப்பார்கள்.

நான் ஷாதாத். கடல் தாண்டி வந்த மக்ரான் கரைக்காரன். பத்தொன்பது வருஷமாக இந்த மணலில் வண்டி ஓட்டுகிறேன். டயரில் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டு மேட்டில் ஏற்றினால், உள்ளே இருப்பவர்களின் பெருங்குடலும் சிறுகுடலும் இடம் மாறி உட்காரும், அதற்குத்தான் காசு. முன்பு இதற்கு ஒரு வண்டியும் கொஞ்சம் தைரியமும் போதும். இரண்டு வருஷத்துக்கு முன்பு மன்றம் வந்தது. வந்த கையோடு மணல்மேடுகளைச் சுற்றி வேலி போட்டது. பிறகு மேடுகளுக்கு எண் கொடுத்தது. அதற்குப் பிறகு என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அதைச் செய்ய நாற்பது பேர் இருக்கிறார்கள்.

அன்று என் பட்டியலில் மூன்று பேர். போலந்திலிருந்து வந்த ஹலினா என்ற அம்மாள், அவர் கணவர், அப்புறம் ‘கல்ஃபான், நாடு: இந்நாடு’. இந்நாட்டுக்காரர் எவரும் எங்கள் சவாரிக்கு வந்ததில்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தினால், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு நின்றுகொண்டிருந்தவர் எனக்கு நன்றாகத் தெரிந்த கல்ஃபான். வேலிக்கு அந்தப் பக்கம் மணல் எங்கே முடிகிறதோ அங்கே அவர் வீடு. மூத்த மகன் பெயரை வைத்து ஊரே அவரை அபூ ஸைஃப் என்று கூப்பிடும், நானும் அப்படித்தான்.

“என்ன அபூ ஸைஃப், ஓட்டல் வாசல்ல நிக்கிறீங்க?”

“உன் வண்டிக்குத்தான்டா தம்பி. நான் இப்ப சுற்றுலாப் பயணி. வீட்லேர்ந்து நடந்தே வேலிக்கு வந்துடுவேன்னு சொன்னேன். ஓட்டல்லேர்ந்துதான் ஏத்துவோம்னுட்டாங்க. நாப்பது கிலோமீட்டர் இங்க வந்து, உன்கூட நாப்பது கிலோமீட்டர் திரும்பி என் வீட்டுக்கே போகப்போறேன்.”

முன்சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டு, மடியில் பையை வைத்து, அதிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து முதலில் எனக்குக் கொடுத்தார். பிறகு பின்னால் திரும்பி போலந்துக்காரர்களுக்கும் கொடுத்தார். போகும் வழியில் விஷயத்தைச் சொன்னார்.

அவரிடம் ஸம்ஹா என்று ஒரு ஒட்டகம். சினையாக இருக்கிறது, மாதம் நிறைந்துவிட்டது. ஒட்டகம் போன தடவை எங்கே ஈன்றதோ அங்கேயே அடுத்த தடவையும் ஈனத் தேடிப் போகும். ஸம்ஹா போன தடவை ஈன்ற இடம் இப்போது வேலிக்கு உள்ளே இருக்கிறது. பன்னிரண்டு நாளைக்கு முன்பு வேலியில் எங்கோ ஒரு இடுக்கைக் கண்டுபிடித்து உள்ளே போய்விட்டது.

“போன ஈத்துல கன்னு குறுக்க கிடந்துச்சுடா. நான்தான் கையை விட்டுத் திருப்பி எடுத்தேன். இந்தத் தடவையும் வயிறு அப்படித்தான் சரிஞ்சிருக்கு. நான் பக்கத்துல இல்லேன்னா ரெண்டும் போயிடும்.”

“மன்றத்துல கேட்டீங்களா?”

“கேக்காம? ஏழு தடவை போனேன். உள்ள போக மூணு வகைதான் உண்டாம். பார்வையாளர், ஊழியர், மரபுச் சின்னம். ஒட்டகத்துக்குச் சொந்தக்காரன்னு ஒரு வகையே இல்லையாம். அந்தப் பொண்ணு பாவம், கணினியில ரொம்ப நேரம் தேடிப் பாத்துச்சு.”

“உங்க கானிம்தானே அங்க தலைவர்?”

அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. கானிம் பிறந்த நாற்பதாம் நாள் அவனுடைய தாய்க்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிவிட்டது. கல்ஃபானின் தாய்தான் இரண்டு வருஷம் அவனுக்குப் பால் கொடுத்தாள். பால்குடி சகோதரன் என்றால் எங்கள் மார்க்கத்தில் சும்மா இல்லை, கூடப் பிறந்தவன்தான்.

“கானிம்கிட்ட போன்ல பேசினேன். ‘அண்ணே, வெளிய நிக்கிறவங்களுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு சீட்டு எடுத்துக்கிட்டு காலைச் சவாரியில உள்ள வந்துடு. உள்ள வந்துட்டா நம்ம எடம், பாத்துக்கலாம்’னான். அவன் சொன்னா சொன்னதுதான். சின்ன வயசுலேர்ந்தே பொய் பேச மாட்டான்.”

எனக்கும் மனசு லேசாகிவிட்டது. தலைவரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன?

வாயிற்காவலில் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பேரீச்சம்பழம், ஒரு கயிறு, ஒரு பாட்டில் ஆலிவ் எண்ணெய். பழத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். திரவம் கூடாது. கயிறு பாலைவனத்தின் இயற்கைத் தோற்றத்தைக் கெடுக்கும். பக்கத்திலேயே மன்றத்தின் கடையில் மரபுக் கயிறு விற்கிறது, குஞ்சம் வைத்தது. அதை வாங்கிக்கொண்டார். அடுத்து உடை. எல்லாப் பார்வையாளரும் மரபு உடை வாடகைக்கு எடுத்து உடுத்த வேண்டும். ஐம்பத்தெட்டு வருஷமாக உடுத்திய அங்கியும் தலைத்துணியுமாக நின்றவரைப் பார்த்து, உடை கொடுக்கும் நேபாளத்துப் பெண் சங்கடமாக நெளிந்தாள்.

“சார், உங்க டிரஸ் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஸ்டிக்கர் இல்ல.”

“என்னம்மா ஸ்டிக்கர்?”

“மரபுன்னு ஒட்டியிருக்கணும் சார்.”

கடைசியில் அவருடைய தலைத்துணியை அவிழ்த்து, சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, மன்றத்தின் தலைத்துணியைக் கட்டிவிட்டாள். அது ஒரு காதை மூடி மறு காதைத் திறந்து வைத்தது. கல்ஃபான் தலையைக் குனிந்து கொடுத்தார். பக்கத்தில் ஹலினா அம்மாளின் கணவருக்கு அதே துணி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

பிறகு பாதுகாப்புத் தேர்வு. நடத்தியவன் ஹுமைத், மன்றத்தின் ‘பாலைத் தூதர்’. நகரத்துப் பையன், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவன், செருப்புக்குள் மணல் போனால் முகம் சுளிப்பான். மூன்று கேள்விகள். கல்ஃபான் எழுந்து நின்று பதில் சொன்னார்.

“ஒட்டகம் தண்ணி இல்லாம எத்தனை நாள் தாங்கும்?”

“எந்த மாசம்? என்ன மேஞ்சுச்சு? பால் கறக்குறதா, கறக்காததா?”

“சார், பதினாலு நாள். தப்பு. பாலைவனத்துல வழி தவறிட்டா என்ன செய்யணும்?”

“நான் எதுக்குத் தம்பி வழி தவறணும்?”

“மன்றத்தோட உதவி எண்ணைக் கூப்பிடணும் சார். தப்பு. கடைசி. பதூக்கள்னா யாரு?”

கல்ஃபான் சிரித்தார். இது ஒன்றாவது தெரியும் என்ற சந்தோஷம். “நான்தான்.”

“தப்பு சார். ‘முற்காலத்தில் பாலைவனத்தில் வாழ்ந்த மக்கள்.’”

மூன்றுக்கு மூன்று வாங்கிய ஹலினா அம்மாளுக்குப் ‘பாலை நண்பர்’ என்று சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு பித்தளை வில்லை கிடைத்தது. கல்ஃபானின் கையில் மஞ்சள் பட்டை கட்டினார்கள். மஞ்சள் என்றால் கண்காணிப்பு தேவைப்படுபவர், ஓட்டுநரை விட்டுப் பத்தடிக்கு மேல் போகக் கூடாது. சிறு குழந்தைகளுக்குக் கட்டுவது அது.

ஐந்து நாற்பத்தெட்டுக்கு இருட்டைப் பார்த்துக் கைதட்டினோம். கல்ஃபான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்கவில்லை. சரி, தட்டினால் ஸம்ஹா கிடைக்கும் என்றால் தட்டிவிட்டுப் போகிறேன் என்பதுபோல அவரும் இரண்டு தட்டுத் தட்டினார்.

நிஜச் சூரியன் வந்தபோது நாங்கள் இருபத்திரண்டாம் எண் மேட்டில் இருந்தோம். வண்டி உச்சியில் ஏறி ஒரு பக்கமாகச் சரிந்து இறங்கியது. பின்சீட்டில் போலந்து மொழியில் கடவுளைக் கூப்பிட்டார்கள். கல்ஃபான் மட்டும் கைப்பிடியைக்கூடத் தொடாமல் கண்ணாடி வழியே மணலையே பார்த்துக்கொண்டு வந்தார். திடீரென்று என் கையைப் பிடித்தார்.

“நிறுத்துடா.”

இறங்கி உட்கார்ந்துவிட்டார். மணலில் தடம். எனக்கு அது ஒட்டகத் தடம், அவ்வளவுதான். அவருக்கு அது கடிதம்.

“ஸம்ஹாதான். இடது பின்னங்கால் வெளிய திரும்பியிருக்கு பாரு. இங்க படுத்திருக்கா. எழுந்திருக்கா. நாலு அடி போய் மறுபடி படுத்திருக்கா. வலி கண்டிருக்குடா தம்பி. இன்னைக்கு ஈனிடுவா.” விரலால் மணலைத் தொட்டு முகர்ந்தார். பிறகு தடத்தின் பக்கத்தில் இன்னொரு தடத்தைக் காட்டினார். “கூட ஒரு ஆள். உயரமான ஆள், மெல்ல இழுத்துட்டுப் போயிருக்கான். இந்த நேரத்துல அவளை எங்கடா இழுத்துட்டுப் போறாங்க?”

அதற்குள் வண்டியில் இருந்த பெட்டி கத்த ஆரம்பித்தது. கட்டுப்பாட்டு அறை.

“வண்டி ஒன்பது, ஏன் நின்னீங்க?”

“ஒரு பார்வையாளர் தடம் பார்க்கிறார்.”

“அங்க பார்க்க ஒண்ணும் இல்ல. வியப்பு நிறுத்தம் எண் இரண்டு இன்னும் நானூறு மீட்டர்ல இருக்கு. வியப்பு எல்லாம் அங்கதான். ஒரு புள்ளி குறைக்கிறேன்.”

மன்றத்தின் பாதையில் வியப்பதற்கு மூன்று இடங்கள் உண்டு. மற்ற இடங்களில் வியந்தால் நேரம் கெடும். வண்டியை எடுத்தேன். கல்ஃபானின் உதடு ஓதிக்கொண்டே வந்தது.

முகாமுக்குப் போனதும் தேட வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. நுழைவிலேயே படம் எடுக்கும் இடம். அங்கே ஸம்ஹா உட்கார்ந்திருந்தது. முதுகில் சேணம், கழுத்தில் சிவப்புக் குஞ்சம், நெற்றியில் கண்ணாடி வைத்த பட்டை. கழுத்தில் அவர்கள் வீட்டுச் சூட்டுக்குறி இருந்த இடத்தின் மேல் ‘14’ என்று ஒரு அட்டை. பக்கத்தில் வரிசை. ஒரு ஆள் முதுகில் ஏறி உட்கார்ந்து இரண்டு விரலைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

கல்ஃபான் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தார். ஸம்ஹா தலையைத் திருப்பி ஓங்கிக் கத்தியது. மேலே இருந்தவன் விழாத குறை.

ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவன் இத்ரீஸ், சூடான்காரன், நல்லவன், வயதில் பெரியவர்களை அம்மு, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவான். ஓடி வந்து கல்ஃபானின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“உங்களதா அம்மு? நேத்து வேலி ஓரமா நின்னுச்சு. இது சினை, ஏத்தாதீங்கன்னு நாள் பூரா தலைதலையா அடிச்சுக்கிட்டேன். பதிவேட்டுல உயரம் இருக்கு, நிறம் இருக்கு, சிரிக்கிற முகமான்னுகூட ஒரு கட்டம் இருக்கு. சினைன்னு கட்டமே இல்லங்கிறாங்க. கட்டம் இல்லாததை நான் எங்க போய் எழுதுறது?”

“சேணத்தை இறக்கு.”

“நான் இறக்கினா என்னை இறக்கிடுவாங்க அம்மு. இன்னைக்கு வெளிநாட்டுலேர்ந்து தர ஆய்வாளருங்க வந்திருக்காங்க. தலைவரும் வராரு. அவர்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லுங்க.”

தலைவர் வந்துவிட்டார். கானிம் வண்டியிலிருந்து இறங்கிய நொடியே கல்ஃபானைப் பார்த்துவிட்டார், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இருவரும் இந்த ஊர் வழக்கப்படி மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டார்கள். “அண்ணே, வந்துட்டியா! சொன்னேன்ல?” என்றார். குரலில் பாசம் இருந்தது. அது பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. மன்றத்தின் புகைப்படக்காரன் வெளிச்சம் சரியில்லை என்றதால், இன்னொரு தடவை உரசிக்கொண்டார்கள்.

கம்பளத்தில் எல்லாரும் உட்கார்ந்தோம். ஆய்வாளர் இருவர் கையில் பலகையோடு கானிமுக்கு இரு பக்கமும். சேமியாவின் மேல் முட்டையை விரித்த பலாலீத் வந்தது. பிறகு ஏலக்காய் போட்ட அரபிக் காப்பி, கஹ்வா. ஊற்றுகிறவன் முதல் கோப்பையைக் கல்ஃபானிடம் கொடுத்தான். அவர் வலது கையால் வாங்கினார். குடிக்கவில்லை. கானிமுக்கு நேரே கம்பளத்தில் வைத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

இந்த மண்ணில் அதற்கு ஒரே அர்த்தம்தான். விருந்தாளி கோப்பையைக் கீழே வைத்தால் அவருக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. என்ன வேண்டும் என்று வீட்டுக்காரன் கேட்க வேண்டும், கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், அதன்பிறகுதான் கோப்பை வாய்க்குப் போகும். கோப்பை நிறைந்தபடியே திரும்பினால் வீட்டுக்காரன் பெயர் ஊருக்குள் நாறிவிடும். கொலைப்பழி முதல் பெண் கேட்பது வரை இந்தக் கோப்பையில் முடிந்திருக்கிறது. ஊற்றியவன் முகவர் அனுப்பிய வெளியூர் ஆள், அவனுக்கு இது தெரியாது. கஹ்வா பிடிக்கவில்லை என்று நினைத்து, ‘பானம்: அதிருப்தி’ என்ற படிவத்தை எடுத்தான்.

கானிமுக்குத் தெரியும். கோப்பையைப் பார்த்தார். அவருக்கு வியர்த்ததை நான் பார்த்தேன். ஆய்வாளர்கள் என்ன என்பதுபோல் அவரைப் பார்த்தார்கள். அப்போது அவருக்கு ஏதோ ஒரு யோசனை வந்தது, முகம் தெளிந்தது, எழுந்து நின்றார்.

“அன்பான விருந்தினர்களே! நீங்க ரொம்பக் குடுத்து வச்சவங்க. நாங்க ஏற்பாடு பண்ணாமலே ஒரு பெரிய மரபு உங்க கண்ணு முன்னால நடக்குது. இந்தக் கோப்பையைப் பாருங்க. இவர் என் அண்ணன். ஏதோ கேக்க வந்திருக்கார். நான் தர்றேன்னு சொல்ற வரைக்கும் இவர் குடிக்க மாட்டார். எங்க ஜனங்க இதை மறுத்ததே கிடையாது. நாங்க கட்டடம் கட்டினோம், ரோடு போட்டோம், கடலைத் தூர்த்தோம், மலையை வெட்டினோம், எங்க மொழியைக்கூட மாத்திக்கிட்டோம். இந்தக் கோப்பையை மட்டும் தொடலை. வாக்கு குடுத்துட்டு மாறுற ஆளை நாங்க மனுஷன்லயே சேர்க்க மாட்டோம். இதைப் பாதுகாக்க மன்றத்துல தனிப்பிரிவே வச்சிருக்கோம். அதுக்கு நான்தான் தலைவர். போன வருஷம் விருதும் வாங்கினோம்.”

ஆய்வாளர்கள் வேகமாக எழுதினார்கள். ஹலினா அம்மாள் போனை நீட்டிப் படம் பிடித்தார். கானிம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி கல்ஃபானிடம் கேட்டார்.

“கேளு அண்ணே. என்ன வேணும்?”

கல்ஃபான் நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஸம்ஹா வேணும் கானிம். இன்னைக்கு ஈனிடுவா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

கானிம் நெஞ்சில் கையை வைத்தார். “குடுத்தேன். அவளும் உன்னுது, வயித்துல இருக்குறதும் உன்னுது. குடி அண்ணே.”

கல்ஃபான் குடித்தார். ஒரே மடக்கு. கம்பளம் முழுக்கக் கைதட்டல். அவர் கண்ணில் நீர் வழிந்தது. என் தோளில் அடித்து, “பாத்தியாடா? நான் சொல்லல? எங்கம்மா பாலு குடிச்சவன்டா” என்றார். எனக்கும் கண் கலங்கியது. பத்தொன்பது வருஷத்தில் இந்தச் சவாரியில் ஒரு நிஜமான காரியம் நடந்தது அன்றைக்குத்தான் என்று நினைத்தேன்.

இத்ரீஸ் சிரித்துக்கொண்டே சேணத்தை அவிழ்த்தான். கல்ஃபான் கடையில் வாங்கிய குஞ்சக் கயிற்றைக் கட்டி ஸம்ஹாவை நடத்திக்கொண்டு போனார். சவாரி முடியும் நேரம், நானும் வண்டியை மெல்ல அவர் பின்னால் விட்டேன். வாயிலில் காவலாளி கையை நீட்டினான்.

“பெரியவரே, மணலையே வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது. இவ்வளவு பெரிய ஒட்டகமா?”

“தலைவர் குடுத்துட்டாரு. எல்லாரும் பாத்தாங்க.”

“எழுத்துல ஒண்ணும் வரலையே.”

காவலாளி போன் செய்தான். ஆய்வாளர்களை வழியனுப்ப வந்துகொண்டிருந்த கானிம் அவர்களோடு வாயிலுக்கே வந்துவிட்டார். அவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்துவிட்டு, கல்ஃபானின் தோளில் கைபோட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். நான் வண்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றிருந்தேன், எல்லாம் கேட்டது.

“அண்ணே, அது நிகழ்ச்சி.”

“எது நிகழ்ச்சி?”

“எட்டரைலேர்ந்து எட்டு அம்பது வரைக்கும் விருந்தோம்பல் நிகழ்ச்சி. அதுக்குள்ள சொல்றது நிகழ்ச்சியோட போயிடும். நிர்வாக உத்தரவுங்கிறது வேற. பதினாலாம் எண்ணை விடணும்னா குழு கூடணும். அடுத்த கூட்டம் ஏப்ரல்ல இருக்கு. நானே எடுத்துச் சொல்றேன், போதுமா?”

“ஏப்ரல்லயா? இன்னைக்கு ஈனுறா கானிம்.”

“கவலைப்படாத. எங்ககிட்ட மருத்துவர் இருக்கார். வியாழக்கிழமை வருவார்.”

“நீ குடுத்தேன்னியே. நான் குடிச்சேனே.”

“நல்லாக் குடிச்சே அண்ணே. எல்லாரும் ரசிச்சாங்க. ஆய்வாளருங்க ரெண்டு பேரும் முழு மதிப்பெண் போட்டுட்டாங்க. தினமும் வச்சா என்னன்னு கேக்கிறாங்க. நீயே வந்து செய்யேன். சம்பளம் போட்டுத் தர்றேன். ஸம்ஹாவையும் தினமும் பாக்கலாம்.”

ஹலினா அம்மாள் வண்டியிலிருந்து இறங்கி வந்து, ஒட்டகத்தை ஏன் நிறுத்தினார்கள், தலைவர் வாக்குக் கொடுத்தது தன் போனில் இருக்கிறதே என்றார். கானிம் சிரித்த முகத்தோடு, “ரொம்ப சந்தோஷம். போடும்போது மன்றத்தோட பேரையும் சேர்த்துப் போடுங்க” என்றார்.

கல்ஃபான் தம்பியின் கையைத் தோளிலிருந்து எடுத்தார். இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டார். குனிந்து, குடித்த கஹ்வாவை எல்லாம் கானிமின் செருப்புக்கு முன்னால் மணலில் கக்கினார். மறுபடியும் விரலை விட்டுக் கடைசிச் சொட்டு வரை கக்கினார். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“உன் கஹ்வா. திருப்பிக் குடுத்துட்டேன்.”

ஆய்வாளர்கள் ஓடி வந்தார்கள். பார்வையாளர் வாந்தி எடுத்தால் மதிப்பெண் குறையும். பானமோ உணவோ காரணம் என்றால் பத்து. வண்டிக் குலுக்கல் காரணம் என்றால் குறையாது, ‘தீவிர அனுபவம்’ என்று இரண்டு கூடும். என்ன காரணம் என்று கேட்டார்கள். கானிம் என் பக்கம் திரும்பினார்.

“ஷாதாத், நீதானே பக்கத்துல இருந்தே. நீ சொல்லு.”

கல்ஃபானும் என்னைப் பார்த்தார். அங்கே இருந்தவர்களில் அரபி தெரிந்து, நடந்தது முழுக்கப் புரிந்து, சாட்சி சொல்லக் கூடியவன் நான் ஒருவன்தான். காவலாளி வாயைத் திறக்க மாட்டான், இத்ரீஸ் தூரத்தில் நின்றான். சொல்ல வேண்டியது ஒரு வரி. என் விசா மன்றத்தின் கையில். மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும்.

“குலுக்கல்தான் சார். வரும்போதே அவருக்கு ஒத்துக்கல.”

படிவத்தை நீட்டினார்கள். அதில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டேன். என் கையெழுத்து அன்றைக்கு வழக்கத்தைவிட நன்றாக வந்தது.

இத்ரீஸ் வந்து ஸம்ஹாவைப் பிடித்துக்கொண்டான். சவாரி முடிந்தபின் பார்வையாளர் உள்ளே இருக்கக் கூடாது. ஓட்டலில் ஏறியவரை ஓட்டலில்தான் இறக்க வேண்டும். கல்ஃபான் வண்டியில் ஏறினார். முன்கதவைத் திறந்து வைத்திருந்தேன், அவர் பின்னால் போய்ப் போலந்துக்காரர்களின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

நெடுஞ்சாலையில் ஏறி அரைமணி ஆகியிருக்கும், இத்ரீஸ் என்னைக் கூப்பிட்டான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

“நீர்க்குடம் உடைஞ்சிடுச்சு. கால் ஒண்ணுதான் தெரியுது. பெரியவர்கிட்ட குடு, சீக்கிரம்.”

வண்டியை ஓரம் கட்டினேன். கல்ஃபான் போனை வாங்கினார். அந்தக் குரலில் கோபம் துளிகூட இல்லை.

“பதறாத. சமையல்கட்டுலேர்ந்து எண்ணெய் கொண்டு வரச் சொல்லு, முழங்கை வரைக்கும் பூசு. அந்தக் காலை இழுக்காத, உள்ள தள்ளு. அவ முக்கறப்ப கையை வைக்காத, விட்டப்புறம் தள்ளு. இப்ப உள்ள தேடு. தலை எந்தப் பக்கம்? மூக்கு அகப்படுதா? ம். கழுத்து மடிஞ்சிருக்கு. தாடையில விரலை மாட்டிக் கொண்டு வா. மெல்ல. அவகிட்ட பேசிக்கிட்டே செய். பேரைச் சொல்லு. ஸம்ஹான்னு சொல்லு, பதினாலுன்னு சொல்லாத.”

லாரிகள் எங்களை உரசிக்கொண்டு போயின. ஹலினா அம்மாள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷம். பிறகு போனுக்குள் இத்ரீஸ் அழுதுகொண்டே சிரித்தான். பெண் கன்று. தாயும் எழுந்து நின்றுவிட்டது.

“மூக்கைத் துடைச்சு விடு. அவளையே நக்க விடு” என்றார் கல்ஃபான். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஓட்டல் வருவதற்குள் எங்கள் ஓட்டுநர் குழுவில் மன்றத்தின் செய்தி வந்துவிட்டது. மன்ற மருத்துவப் பிரிவின் அயராத முயற்சியால் மரபுச் சின்னம் எண் பதினைந்து நலமாகப் பிறந்திருக்கிறது, எல்லாரும் வாழ்த்துத் தெரிவிக்கவும். கீழே வரிசையாகப் பூக்கள். வாழ்த்தாதவர்களின் பட்டியல் எடுப்பார்கள் என்பதால் சிக்னலில் நின்றபோது நானும் ஒரு பூ அனுப்பினேன்.

ஓட்டல் வாசலில் போலந்துக்காரர்கள் இறங்கிப் போனார்கள். கல்ஃபான் இறங்கினார். தலையிலிருந்த மன்றத்தின் துணியை அவிழ்த்து, ஒழுங்காக மடித்து, சீட்டில் வைத்தார். என் கதவருகே வந்து நின்றார். நான் கண்ணாடியை இறக்கினேன். என்னவெல்லாமோ சொல்ல நினைத்தேன். மூன்று பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், கடன் இருக்கிறது, நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்றெல்லாம்.

“நல்லா ஓட்டினீங்க டிரைவர்” என்றார் கல்ஃபான். சவாரி முடிந்ததும் வெளியூர்க்காரர்கள் கொடுப்பார்களே, அதுபோல ஒரு இருபது திர்ஹம் நோட்டை நான்காக மடித்து என் கையில் வைத்தார்.

நான் வாங்கிக்கொண்டேன்.